தவிட்டு நிறக் குப்பி

ரீத்தாவின் கையில் சுற்றியிருந்த பட்டை இறுகி, பிறகு தளர்ந்தது. வீடு வீடாக வந்து பிரஷர் பார்க்கும் நர்ஸ் சுனிதா கருவியை நம்பாமல் மறுபடியும் காற்றடித்தாள்.

"நூத்தி எழுவத்தெட்டு. மாத்திரைய நீங்க தின்னுதீளா, இல்ல கோழிக்குப் போடுதீளா அக்கா?"

"ஒரு நாளும் முடக்கினது இல்ல."

"கருவாடு?"

"மூணு மாசமாச்சு. தெருவே மணக்குது, நான் மூக்கப் பொத்திட்டு இருக்கேன்."

பொய்யில்லை. இராஜாக்கமங்கலத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு கருவாடு தொடாமலிருப்பது லேசான விரதமல்ல. அவள் அதை விட்டது டாக்டருக்குப் பயந்தல்ல. புருஷன் ததேயுஸ் மஸ்கட்டுக்குப் போய் நாலு வருஷமாகிறது. அவர் வந்து இறங்கும் நாளில் அவளே நடந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும். தன் அம்மாவைப்போல வாய் கோணி, ஒரு பக்கம் செத்து, கட்டிலில் கிடந்து அவரைப் பார்க்கக் கூடாது. மாதாவிடம் அவள் கேட்டது அவ்வளவுதான்.

சுனிதா அவள் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தாள். குழி விழுந்து அப்படியே நின்றது.

"வேற என்னமும் சாப்பிடுதீளா?"

"ஒண்ணும் இல்ல. கொஞ்சம் வெள்ளம் எடுத்துட்டு வாறேன், இரி."

அடுக்களைக்குப் போய்த் தண்ணீரோடு திரும்புவதற்குள், மாதா படத்துக்குக் கீழே இருந்த தவிட்டு நிறக் குப்பி சுனிதாவின் கைக்கு வந்திருந்தது.

"இது என்னது, அக்கா?"

"அது மருந்து இல்ல பிள்ளே. சத்து. அவிய குடுத்து விட்டது."

ஆஸ்பத்திரியில் எல்லா மாத்திரையையும் கொண்டு வரச் சொன்னபோது, வீட்டிலிருந்த தைலம் வரைக்கும் பையில் போட்டுக்கொண்டு போனவள் அவள். இந்தக் குப்பி மட்டும் நினைவுக்கே வரவில்லை. அது அவருடையது. மெழுகுவர்த்திக்கும் ஜெபமாலைக்கும் பக்கத்தில் இருப்பது.

போன வருஷம் ஒருநாள், உடம்பு தளர்ச்சியாக இருக்கிறது என்று ஃபோனில் சொல்லிவிட்டாள். அடுத்த மாசமே, மஸ்கட்டில் அவரோடு வேலை செய்யும் பெனின் லீவில் வந்தபோது இதைக் கொண்டுவந்து கொடுத்தான். முழுக்கப் பச்சிலை, ஒரு தொந்தரவும் வராது என்று கடைக்காரன் சொன்னானாம். ததேயுஸ் தனக்கும் அதையே வாங்கிக்கொண்டார். தீரத் தீர, ஊருக்கு வருபவர்கள் கையில் அடுத்த குப்பி வந்தது. கோயிலில் சாயங்கால மணி அடிக்கும்போது இங்கே ஆறு, அங்கே நாலரை. அவருக்குச் சாயா நேரம். அவள் ஃபோனை ஜன்னல் பக்கம் நீட்டுவாள். மும்மூன்றாக விழும் மணியை அவர் கண்ணை மூடிக் கேட்பார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு மாத்திரையை வாயில் போட்டுக்கொள்வார்கள். "நாக்கக் காட்டு" என்பார். ஐம்பது வயசுக்காரி வெட்கப்பட்டுக்கொண்டு காட்டுவாள். நாலு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து உண்டது அது ஒன்றைத்தான்.

சுனிதா குப்பியைப் படமெடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"இதில நெறய அதிமதுரச் சாறு இருக்காம். அது பிரஷரக் கூட்டும், கால்ல நீரையும் வைக்கும். இன்னையோட நிறுத்தணும். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"அதிமதுரம் தொண்டைக்கு நல்லதுல்லா?"

"இருமும்போ ஒரு துண்டு சவைக்கது வேற. வருஷம் முழுக்க இப்பிடி முழுங்கினா?"

சுனிதா போனபின் ரீத்தா குப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நிறுத்திவிடலாம். அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த நேரமும் போய்விடும். ஒரு பொரிகடலையை முழுங்கினால் போதுமே. நாக்கில் ஒன்றும் இருக்காது. மஸ்கட்டில் இருப்பவருக்குத் தெரியவா போகிறது?

ஆறு மணிக்கு ஃபோனில் அவர் முகம் தெரிந்தது. ததேயுஸ் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யுது?"

"தலவலியாக்கும். ஒரு வாரமா விடல. வெயிலு."

"காலு?"

"ஷூ கொஞ்சம் இறுக்குது. ஏட்டி, நீ என்ன டாக்டராயிட்டியா? மணியக் கேக்க விடு."

மணி விழத் தொடங்கியது. அவர் கண்ணை மூடினார். கை வாயை நோக்கி உயர்ந்தது.

"போடாதீங்க!"

அத்தனை சத்தமாக அவள் அவரிடம் பேசியதே இல்லை. மணியடித்து முடிவதற்குள் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தாள். அவர் கையிலிருந்த மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வாங்கித் தந்ததுதானா?"

"அறிஞ்சா செய்தீங்க? நாளைக்கே போய்ப் பிரஷர் பாத்து எனக்குச் சொல்லணும்."

"பாக்குதேன்." மாத்திரையைக் குப்பிக்குள் திருப்பிப் போட்டார். "அப்ப நாளைக்கு மணியடிக்கும்போ என்ன செய்யது?"

அவள் உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். வியர்வையில் பொரிகடலை நமுத்திருந்தது.

"இத முழுங்கி ஒங்கள ஏய்க்கலாம்னு இருந்தேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"எனக்க கைல அதுகூட இல்லியேட்டி. ஈஸ்டருக்கு லீவு கேக்கட்டா?"

மூன்று வருஷமாகக் கேட்கிறேன் கேட்கிறேன் என்கிறார். கேளுங்க என்று அவளும் சொல்லி வருகிறாள்.

"கேக்காண்டாம்," என்றாள் ரீத்தா. "வாங்க. எனக்குக் காலு இருக்கும்போ வாங்க. கதவ நானே வந்து திறக்கணும்."

பின்னால் யாரோ அவரை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. ஃபோனையும் வைக்கவில்லை. ரீத்தா அந்தப் பொரிகடலையை வாயில் போட்டு, அவர் பார்க்கப் பார்க்க, மெதுவாக மென்றாள்.