பெல்ட் மாத்தீட்டு வாரேன்க்கா

பழைய டைமிங் பெல்ட்டைக் கழற்றி நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டு, புதியதை மாட்டுவதற்காக எஞ்சினுக்குள் கையை விட்டபோது, சென்னிமலையின் கண்ணுக்கு நேரே வசந்தாமணியின் பாதங்கள் வந்து நின்றன. காரின் முன்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது. வலது சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்தச் சந்துக்குள் தலையைக் கொடுத்துப் படுத்திருந்தவனுக்கு மனைவியின் கால்களைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

“என்ன புள்ள?”

“மேட்டூர்ல இருந்து போன் வந்துச்சுங்க.” ஒரு பாதம் மற்றதன்மேல் ஏறி நின்றது. “நங்கையா போயிட்டாங்களாமுங்க. காத்தால காப்பி குடிச்சுப்போட்டு உக்காந்தவங்க, உக்காந்தாப்பலயே...”

நங்கையா என்று அவள் சொன்ன கண்ணாத்தாள் அவனுக்கு அக்கா. கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். வேப்பமரத்திலிருந்து பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. ஒன்றிரண்டு எஞ்சினுக்குள்ளும் விழுந்தன. சென்னிமலை அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டான்.

“கேட்டுதுங்களா?”

“கேட்டுது.”

“பொறந்த ஊட்டுக் கோடிச் சேல வந்தாத்தான் குளிப்பாட்டோணுமாம். நாலு மணிக்குத் தூக்கறாங்களாம். எந்திரிங்க, பத்து மணி பஸ்ஸப் புடிச்சரலாம்.”

“நீ போயி செவப்புச் சேல ஒண்ணு எடுத்துட்டு வா. நான் பெல்ட்டப் போட்டுட்டு வாரேன்.”

“இப்ப என்னத்துக்குங்க அந்தக் கருமாந்தரம்!” வசந்தாமணிக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. “இத்தன நாளா இல்லாம!”

அவள் கேட்டதில் தப்பில்லை. இந்த மூன்று மாதத்தில் அந்த பெல்ட் பட்ட பாடு ஊருக்கே தெரியும். மாருதி எஞ்சினில் சங்கிலி கிடையாது, பல் வைத்த ரப்பர் பெல்ட்தான். அதற்கு ஒரு வயது உண்டு. முடிந்ததும் மாற்றிவிட வேண்டும், விட்டால் நடுவழியில் அறுத்துக்கொண்டு நின்றுவிடும். முட்டை வியாபாரத்துக்காகக் கரூர், திருச்சி என்று ஓடி ஓடி வண்டி எழுபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கார் வேலை பார்க்கிற கலீல் ரஹ்மான் தை மாதமே சொன்னார், “வண்டிய விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கலாம்” என்று. விட்டுவிட்டு வந்திருந்தால் கதை வேறு. ஆனால் சென்னிமலை யார்? லாரி எஞ்சினையே கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிறவன். தீப்பெட்டி கணக்காக இருக்கிற ஒரு காரை இன்னொருவன் கையில் கொடுப்பானா? “பெல்ட்ட மட்டும் குடுங்க பாய், ஊட்லயே மாட்டிக்கறேன்” என்று வாங்கி வந்து அலமாரியில் வைத்தான். அது அங்கேயே கிடந்தது.

அக்காவுக்கு முட்டி வலி. பஸ் படியேற முடியாது. தம்பி கட்டிய புது வீட்டுக்கு வந்து பத்து நாள் இருக்க வேண்டும் என்று ஆசை. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து வாரம் தவறாமல் கூப்பிடுவாள்.

“எப்ப சாமி வார, என்னயக் கூட்டீட்டுப் போக?”

“பெல்ட் மாத்தீட்டு வாரேன்க்கா. வழியில நின்னுபோச்சுன்னா உன்ன வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

“செரி சாமி, மெதுவா மாத்து. நான் எங்க போயிறப்போறேன்?”

இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருவதாகச் சொல்லியிருந்தான். அதற்காகத்தான் இன்று காலை எட்டு மணிக்கு ஸ்பேனரைத் தொட்டதே.

வசந்தாமணி சேலை எடுக்கப் போய்விட்டாள். வெயில் ஏறிற்று. சென்னிமலைக்கு மண்ணில் படுத்திருப்பதாகவே தோன்றவில்லை. தண்ணீருக்குள் கிடப்பது போல எல்லாச் சத்தமும் தூரத்தில் கேட்டது. பெல்ட் ஓடுகிற கீழ்ப் பல்சக்கரத்தில் ஒரு கோடு, மேல் பல்சக்கரத்தில் ஒரு கோடு. இரண்டும் அதனதன் அடையாளத்துக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் எஞ்சின் கோளாறு பண்ணும். பெல்ட்டைப் பல் பல்லாக ஏற்றினான். இதை மாட்டி முடிக்கிற வரைக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை, அக்கா காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறாள் என்று ஒரு நினைப்பு. அது பொய்யென்று தெரியும். தெரிந்தும் அவசரப்படாமல் கையை நகர்த்தினான்.

சரிபார்க்க எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். ஸ்பேனரைப் போட்டு மெல்லத் திருப்பினான். உள்ளே அடைபட்டிருந்த காற்று உஸ்ஸென்று பெருமூச்சாக வெளியேறிற்று. முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது அக்கா விடுகிற மூச்சு அச்சு அசல் அப்படியேதான் இருக்கும். ஐயோ என்றிருந்தது அவனுக்கு. நிறுத்தினான். மறுபடியும் திருப்பினான். மறுபடியும் அந்த மூச்சு. இரண்டு சுற்று முடிந்ததும் மேல் கோடும் கீழ்க் கோடும் மயிரிழை பிசகாமல் வந்து நின்றன. அப்போதுதான் அழுதான். கையெல்லாம் கிரீஸாக இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வழியில்லை.

சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, சாவியைத் திருகினான். முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் கடிகாரம் பதினொன்று அடித்தது. அடப்பாவி, மூன்று மணி நேர வேலை! எண்ணி மூன்று மணி நேரம்.

திருச்செங்கோடு, சங்ககிரி, எடப்பாடி. வழியெல்லாம் கானல் ரோட்டின்மேல் நீராய் நெளிந்தது. கிட்டே போகப் போகக் காணாமல் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தாமணி கோடிச் சேலையை மடியில் வைத்துக் கையால் நீவிக்கொண்டே வந்தாள்.

மேட்டூர் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. பந்தலில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். கோடி போட்டார்கள். குளிப்பாட்டினார்கள். அக்காவின் முகம், யாரோ ஏதோ சொல்லி முடிக்கக் காத்திருப்பது போல இருந்தது. சொன்ன நேரத்துக்கே தூக்கினார்கள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பித் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்த அக்காவின் கணவர் சின்னுசாமி, ஈரத் துண்டோடு காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பானெட்டின்மேல் கையை வைத்தார்.

“பெல்ட் மாத்தியாச்சா மாப்புள?”

“ஆச்சுங்க மச்சான்.”

“சத்தமே இல்லாம வந்துச்சு வண்டி. ரொம்ப வேலையோ? எத்தன நேரம் புடிச்சுது?”

நாள் பூராவும் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். மச்சானுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது, நம்பிவிடுவார். சென்னிமலை தலையைக் குனிந்துகொண்டான்.

“மூணு மணி நேரமுங்க.”

சின்னுசாமி பானெட்டிலிருந்து கையை எடுத்தார். வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. வாயைச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது. மேலே ஒரு சீப்பின் நுனி நீட்டிக்கொண்டு தெரிந்தது.

“உன்ற ஊட்டுக்குப் போகோணும்னு மாசியிலயே கட்டி வெச்சுட்டா. சேல வேணும்னா அதுல இருந்து எடுத்துக் கட்டிக்குவா, தொவச்சு மறுக்கா அதுலயே வெப்பா.”

“எழவு ஊட்டுல இருந்து எதையும் எடுத்துட்டுப் போகக்கூடாதுங்களே மச்சான்.”

“நீ எங்க எடுத்துட்டுப் போற? அவ பொறந்த ஊட்டுக்கு அவ போறா.”

கதவைத் திறந்து பையை முன் சீட்டில் வைத்தார். சாய்ந்துவிடாமல் நிமிர்த்தி வைத்தார்.

ஏறுவதற்காக அந்தப் பக்கம் வந்த வசந்தாமணி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு பின் கதவைத் திறந்து பின்னால் ஏறிக்கொண்டாள்.