வேதகிரியின் முழுக்கைச் சட்டை

"அந்தக் கோட்ட எடுத்துடு செவ்வந்தி, சொன்னா கேளு," என்றான் அவள் புருஷன் சின்னப்பையன். விடிந்ததிலிருந்து இது மூன்றாவது முறை.

செவ்வந்தி நிமிரவில்லை. தேய்ப்பு மேசைமேல் வெள்ளை முழுக்கைச் சட்டை விரிந்து கிடந்தது. ஒரு கை முடிந்திருந்தது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை வகிடு எடுத்த மாதிரி நேராக ஒரு கோடு. அடுத்த கையின் தையலைச் சேர்த்துப் பிடித்து நீவிக்கொண்டிருந்தாள்.

"காதுல வுழுதா இல்லியா? மேலத்தெரு துணி வராம நின்னுபோச்சின்னா நம்ம வூட்ல அடுப்பு எரியுமா?"

"பெட்டி ஆறிப்போச்சு. கரி அள்ளிப் போடு."

சட்டை வேதகிரியுடையது. காலனியில் வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். ஊராட்சித் தலைவர் பதவி இந்த முறை காலனிக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டதில் நின்று ஜெயித்தவன். மறுநாள் சுதந்திர தினம். ஊராட்சி அலுவலகத்தில் அவன்தான் கொடி ஏற்ற வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் ரைஸ்மில் கோபாலின் கார் அவள் வாசலில் வந்து நின்றது. இரண்டு தடவை தலைவராக இருந்தவர். இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"இன்னாம்மே, வேதகிரி சட்டை உன்னாண்ட வந்துகீதாமே?"

"வந்துகீதுங்க."

"தேச்சிக் குடு, வேணாங்கல. கையில மட்டும் கோடு வெக்காத. கொடி ஏத்தறான், ஏத்திட்டுப் போறான். அதுக்குன்னு எங்களாட்டம் வந்து நிக்கணுமா?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதாங்க தேய்க்கறது."

"அதான் மாத்தித் தேயின்றேன்." கண்ணாடி ஏறிவிட்டது.

இருபது வருடமாகப் பெட்டி பிடிக்கிறாள் செவ்வந்தி. உத்திரமேரூர் பேங்குக்குப் போகிறவர் கோடு வேண்டும் என்பார். பள்ளிக்கூட வாத்தியார், கோடு வைத்தால் பழைய ஆள் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள், வேண்டாம் என்பார். அவரவர் சட்டை, அவரவர் இஷ்டம். ஒருத்தன் சட்டைக்கு இன்னொருத்தர் வந்து உத்தரவு போட்டது இதுதான் முதல் தடவை. மாமியார் காலத்தில் காலனித் துணியைத் தொட்டால் மேலத்தெருத் துணி கிடையாது. சொந்தமாக மேசை போட்ட பிறகு செவ்வந்திதான் அந்த வழக்கத்தை விட்டொழித்தாள். விட்டது என்று நினைத்திருந்தாள். அது இப்போது காரில் ஏறி வாசலுக்கே வந்துவிட்டது.

பத்து மணிக்கு வேதகிரி வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். "ரெடியாக்கா?"

சட்டையைத் தூக்கிக் காட்டினாள். அவன் முகம் மலரும் என்று பார்த்தாள். கையைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

"கோடு வேணாங்க்கா. எடுத்துடேன்."

சின்னப்பையன் நிம்மதியாக மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

"ஆரு சொன்னது?"

"ஆரும் சொல்லல." வண்டிச் சாவியை உள்ளங்கையில் உருட்டினான். "மில்லுக்குக் கூப்ட்டுப் பேசினாங்கக்கா. போன வருசம் எனுக்கு சேர் கூடப் போடல. கிளார்க்கு கொடிய ஏத்திட்டுப் போயிட்டான். இந்த வருசம் கயிறு என் கைக்கு வருதுன்றாங்க. ஒரு சட்டைக்கோசரம் அத வுட்டுடச் சொல்றியா?"

செவ்வந்திக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கோபால் மேலா, இவன் மேலா, விடிந்ததிலிருந்து புருஷனோடு மல்லுக்கு நின்ற தன் மேலேயேவா என்று தெரியவில்லை.

"கயித்த உனுக்குக் குடுக்கறதுக்கு அவரு ஆரு? ஓட்டு போட்டது நாங்கோ. என்னால எடுக்க முடியாது தம்பி. நல்லா வந்த வேலைய நானே கெடுத்துக்கமாட்டேன். தண்ணி தெளிச்சி ஓட்டினா போயிடும். தோ பெட்டி, சூடா கீது. நீயே எடுத்துக்க."

விலகி நின்றாள். வேதகிரி தண்ணீரைத் தொட்டான். பெட்டியைத் தூக்கிச் சட்டைக் கைக்கு மேலே பிடித்தான். அப்படியே நின்றான். கரி ஒன்று உள்ளே படபடவென்று வெடித்தது. பெட்டியை இறக்கி வைத்தான்.

"வெய்ட்டா கீதுக்கா," என்றான்.

கோடு மடங்காமல் சட்டையை ஹாங்கரில் மாட்டி எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் செவ்வந்தி வேலையைப் போட்டுவிட்டு ஊராட்சி அலுவலக வேலியோரம் போய் நின்றாள். அந்தச் சட்டையோடுதான் வேதகிரி கயிற்றை இழுத்தான். கொடி விரிந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கோபால் கொடியைப் பார்க்கவில்லை, சட்டையின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மிட்டாய் கொடுப்பதற்குள் எழுந்து போய்விட்டார்.

பத்து நாள் மேலத்தெருவிலிருந்து ஒரு கைக்குட்டைகூட வரவில்லை. சின்னப்பையன் அவளோடு பேசாமல் கட்டட வேலைக்குப் போய்வந்தான்.

பதினோராம் நாள் மில்லில் வேலை செய்யும் மோகன் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். மேலாக ஆறு வெள்ளைச் சட்டைகள்.

"ஐயா சொல்லச் சொன்னாரு. இனிமே எந்தச் சட்டைலயும் கையில கோடு வேணாவாம்."

"இத்தினி வருசமா வேணும்னாரே?"

மோகன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "இப்ப காலனி ஆளுங்கல்லாம் கோடு வெச்சிக்கினு சுத்தறாங்களாம்."

செவ்வந்திக்குச் சிரிப்பு வரவில்லை. கோடு விழாமல் தேய்க்க வேண்டுமென்றால் துண்டைச் சுருட்டிக் கைக்குள் விட்டுத் திருப்பித் திருப்பி ஓட்ட வேண்டும். ஒரு சட்டைக்கு இரண்டு சட்டை வேலை. அவர்கள் அருவருப்புக்கும் அவள் தோள்பட்டைதான் நோக வேண்டியிருந்தது.

"சாயங்காலம் வரட்டுமா?" என்றான் மோகன்.

மேசையின் மறுபக்கம் காலையிலேயே வந்த காலனித் துணி குவிந்திருந்தது. செவ்வந்தி அதிலிருந்து ஒரு சட்டையை உதறி விரித்தாள்.

"வரிசைல வெச்சிட்டுப் போ. மொதல்ல வந்தவங்களுது முடியட்டும். ரெண்டு நாளு ஆவும்னு உங்க ஐயாகிட்ட சொல்லு."