சுவிட்சை அணைத்த ஞாபகம்

"அம்மா, நேத்து நீ பல்லு தேய்ச்சது ஞாபகமிருக்கா? இல்ல, தினமும் தேய்க்கறதால நேத்தும் தேய்ச்சிருப்பேன்னு சொல்றியா?"

ஏழு வயது மகள் ஒரு நாள் வாய் நிறைய நுரையோடு இப்படிக் கேட்டாள். காலங்காத்தால வக்கீல் வேலை பார்க்காதே, வாயைக் கொப்புளி என்று அதட்டிவிட்டுக் கிளம்பினாள் இஸ்திரிக்காரி. ஆனால் சலவைக்கூடத்துக்கு நடக்கும் வழியெல்லாம் நேற்றைய காலையைத் தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை. நூறு காலைகள் ஒன்றாகக் கரைந்த ஏதோ ஒரு காலைதான் கையில் கிடைத்தது.

நான்கு மாதங்களுக்கு முன்பு அவள் ஒரு விஷயத்தை அடித்துச் சொல்லியிருந்தாள்.

அப்போது இஸ்திரிப் பெட்டி அணையாமல் கிடந்து, யாருடைய கல்யாண உடையோ மேஜையோடு கருகிப்போயிருந்தது. முதலாளி விசாரித்தபோது அவள் தயங்கவே இல்லை. "ஏப்ரனைக் கழற்றி ஆணியில மாட்டினேன். பக்கத்துல சுவிட்சை அணைச்சேன். கண்ணு முன்னாடி நிக்குது" என்றாள். அவளுக்குப் பிறகு கிளம்பியவள் துணி மடிக்கும் பெரியக்கா. ஏதாவது காலரைச் சரிசெய்யப் பெட்டியைத் திரும்பப் போட்டாயா என்று கேட்டார் முதலாளி. போட்ட மாதிரி இல்லை, சரியாக நினைவில்லை என்று பெரியக்கா இழுத்தாள். இழுத்தவள் தோற்றாள். அன்றிலிருந்து தண்டனையாகத் துவைக்கும் அறையில் சோப்புத் தண்ணீரில் நின்று நின்று அவள் கால்விரல் இடுக்கெல்லாம் புண்.

மாலையில் இஸ்திரிக்காரி மகளிடம் கேட்டாள். "நீ பள்ளிக்கூடத்துல படியில விழுந்தியே, அன்னைக்கு போன் வந்து நான் ஓடி வந்தேனே... எப்படி வந்தேன்?"

மகள் சிரித்தாள். "ஏப்ரனோடதான். டீச்சர் உன்னைச் சமையல்கார அம்மான்னு நெனச்சுட்டாங்க."

கல்யாண உடை கருகியதும் அதே நாள்தான். ஏப்ரனை மாட்ட ஆணிப் பக்கமே போகவில்லை என்றால், பக்கத்திலிருந்த சுவிட்சையும் அணைத்திருக்க முடியாது.

அவள் பொய் சொல்லவில்லை. எத்தனையோ மாலைகளில் ஏப்ரனை மாட்டிய கையை, மாட்டாத ஒரு மாலைக்கும் மனசு ஒட்டுப்போட்டுத் தைத்துவிட்டிருந்தது. கடவுளே, சத்தியம் என்று நம்பித்தானே சொன்னேன் என்று அவள் முறையிட்டாள். நம்பிச் சொன்னாலும் புண் பெரியக்காவின் காலில்தானே இருந்தது.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய் முதலாளியிடம் சொன்னாள். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனாள். யாரும் கேட்காமலே வந்து மாட்டிக்கொள்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் அவர். பெரியக்காவோடு இடத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

துவைக்கும் அறையில் பெரியக்கா மட்டும் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

"நீ எதுக்கும்மா என் பாவத்தைச் சுமக்கறே? நான்தான் பெட்டியைப் போட்டேன். காலரைத் தேய்ச்சது, ஆவி மூஞ்சில அடிச்சது, எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு."

இஸ்திரிக்காரி விக்கித்துப்போனாள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். நான்கு மாதம் ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி, செய்யாத தவறு பெரியக்காவுக்குள் நடந்த கதையாகவே ஆகியிருந்தது.

"யாரோட சட்டைக்கா? என்ன நிறம்?"

பெரியக்கா வாயைத் திறந்தாள். நிறம் வரவில்லை.

"என் ஏப்ரனும் இப்படித்தாங்க்கா. கண்ணு முன்னாடி நின்னுச்சு. ஆனா நடக்கவே இல்ல. அணைக்காம ஓடினது நான்தான். எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன்."

பெரியக்கா கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தாள். ஈரக்கையால் முகத்தைத் துடைத்தாள். முகம் இன்னும் நனைந்தது.

"அப்போ நான் இல்லையா?"

"நீங்க இல்லக்கா."

"ஊருக்குச் சொல்றது அப்புறம் இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்சுதே, அது போதும்."

இஸ்திரிக்காரி மண்டியிட்டு அவள் ரப்பர் பூட்ஸுகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினாள். தன் துண்டால் விரல் இடுக்குகளை ஒற்றித் துடைத்துவிட்டாள். பிறகு அந்த ஈர பூட்ஸுக்குள் தன் கால்களை நுழைத்துக்கொண்டு, குழாயைத் திறந்தாள்.