வலது குதிகால் பட்ட இடம்

1

இந்தக் கதை பிறந்ததற்கு நான்தான் காரணம். பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு பெண் கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொன்னேன். அதனால் அவரிடம் இருந்த ஒன்று அழிந்துபோனது.

போர்ட் பிளேரில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. புரோத்ராபூரிலிருந்து தினமும் ஊருக்குள் மிதித்து வருகிறவன் என்பதால் அங்கே நான் ஒரு பெரிய மனிதன். ஒரு ஞாயிற்றுக்கிழமை லம்பா லைனிலிருந்து உமா மகேஸ்வரி என்பவர் கேட்டிருந்தார்: “டைட்டானியம் ஃப்ரேமுக்கு டேப் ஒட்டணுமா? ஷூ உரசுற எடத்துல மட்டும்.”

நான் எழுதினேன்: வேண்டியதில்லை. டைட்டானியம் துருப்பிடிக்காது, உரிந்துபோக மேலே பெயின்டும் கிடையாது. டேப்புக்கு அடியில் மணல் புகுந்தால் அதுதான் அறுக்கும். உரசின தடம் கண்ணை உறுத்தினால், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் ஒரே திசையில் தேய்த்தால் போய்விடும்.

பதினேழு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். அவர் “சரி சார்” என்று மட்டும் போட்டார். அன்றைக்கு மீன் குழம்பு எனக்கு வழக்கத்தைவிட ருசியாக இருந்தது.

2

கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: “வீட்டுக்கு மேலே விமானம் தாழ்ந்து இறங்கும்போதெல்லாம் உமா மகேஸ்வரி வாசலுக்கு வந்து…”

(விட்டுவிட்டேன். விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைனில் விமானம் இறங்கினால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். வாசலுக்கெல்லாம் யாரும் வருவதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: “உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும், ஒன்றைத் தவிர…”

(அந்த ஒன்று அன்பு என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். வெட்கமாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

மூன்றாவதாக ஒன்று முயல எனக்குத் தெம்பில்லை. நேரே ஆளுக்கு வருகிறேன். கதைக்குள் வந்துவிட்டதால் இனி அவரை அவள் என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நம்புகிறேன்.

3

உமா மகேஸ்வரி ஹேடோவில் சரக்குக் கிடங்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் கணவர் சிவபிரகாஷ் இந்தத் தீவில் இரண்டு சைக்கிள்களைத் துருவுக்குப் பறிகொடுத்தவர். மூன்றாவதாகத்தான் டைட்டானியம் வாங்கினார். “நமக்கு வயசாகும், இதுக்கு ஆகாது” என்று அவளிடம் சொன்னார்.

சின்ன வயதில் கால் எலும்பு முறிந்து சேர்ந்ததில் அவருக்கு வலது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியிருக்கும். மிதிக்கும்போது குதிகால் உள்ளே வந்து, பின்சக்கரத்துக்குப் போகும் குழாயில் உரசும். ஒவ்வொரு நாளும் உரசி உரசி அந்த இடத்தில் ஒரு புளியங்கொட்டை அளவுக்குப் பளபளப்பு விழுந்துவிட்டது. ஓரத்தில் ஷூவின் கறுப்பு.

ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனார். இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. ஞாயிறுதோறும் போன் வரும். டயரில் காற்று இருக்கிறதா, செயினுக்கு எண்ணெய் விட்டாயா என்று கேட்பார். இருக்கிறது, விட்டேன் என்பாள். எப்போது வருகிறீர்கள் என்று அவள் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம்.

பிறகு ஒரு ஞாயிறு அவர் சொன்னார்: “சும்மாதான நிக்குது. கௌதமுக்குக் குடுத்துடு, ஓட்டட்டும்.”

கௌதம் அவள் தம்பி. கேட்டால் உயிரையே கொடுப்பாள், சைக்கிள் என்ன பெரிய விஷயம்? ஆனால் ஆள் இனி வரப்போவதில்லை என்றுதான் அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்தது. மறுத்துப் பேசவும் வாய் வரவில்லை. கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் தம்பியின் கால் அந்த இடத்தில் படக்கூடாது. அதற்காகத்தான் டேப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். ஃப்ரேமைக் காப்பாற்ற டேப் வேண்டாம் என்று நான் சொன்னேன். அவள் காப்பாற்ற நினைத்தது தடத்தை.

(வேலைக்குப் போகிற பெண் ஒரு பளபளப்புக்காக இவ்வளவு பாடுபடுவாளா என்று இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. என் மனைவி புஷ்பாவிடம் கேட்டேன். “நீங்க ஒரு மாசம் மெட்ராஸ் போனப்ப உங்க தலகாணி உறைய நான் தொவைக்கவே இல்ல. பேசாம எழுதுங்க” என்றாள். இருபது வருஷத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. அரை மணி நேரம் எழுத்து ஓடவில்லை.)

4

கௌதமும் எங்கள் குழுவில் இருக்கிறான். என் பதிலை அவனும் படித்தான்.

இங்கே பிறந்து வளர்ந்தவர்களின் கண் ஒரு தனி வகை. கேட்டில், ஜன்னல் கம்பியில், ஸ்கூட்டரில், எங்கே நிறம் மாறினாலும் அவர்களுக்கு முதலில் துருதான் தெரியும். கண்டதும் தேய்த்து எண்ணெய் பூசாவிட்டால் தூக்கம் வராது. டைட்டானியம் துருப்பிடிக்காது என்று நான் எழுதியதைக் கண் படித்தது, கை நம்பவில்லை.

சைக்கிளை எடுத்துப்போக வந்தவன், அக்காவுக்கு ஒரு நல்லது செய்வோம் என்று அவள் ஆபீஸிலிருந்து திரும்புவதற்குள் பச்சை நாரை எடுத்துவிட்டான். நான் சொன்னபடியே, ஒரே திசையில்.

“ஜங் புடிக்க ஆரம்பிச்சிருந்துச்சுக்கா, அந்தக் குழாய்ல. தேய்ச்சு எடுத்துட்டேன். ஏக்தம் புதுசு.”

(துருவுக்கு இங்கே எல்லார் வாயிலும் ஜங்தான், முழுக்க என்பதற்கு ஏக்தம்.)

அவள் குனிந்து பார்த்தாள். குழாய் முழுக்க ஒரே சாம்பல் நிறம். நல்லா இருக்குடா என்றாள். அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவன் போன பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

5

மறுநாள் எனக்குப் போன் செய்தாள். மேலே உள்ளதெல்லாம் அப்போது அவள் சொன்னதுதான். அழுததை மட்டும் சொல்லவில்லை, அது என் கணக்கு.

“சார், தேய்ச்சு எடுத்தது திரும்ப வருமா?”

நான் புத்திசாலி, உடனே பதில் சொன்னேன். “வரும்மா. ஓட்ட ஓட்ட வரும்.”

“யார் ஓட்டினாலுமா?”

ஒவ்வொருவர் கால் ஒவ்வொரு மாதிரி, அதே இடத்தில் வராது என்றேன்.

“அப்ப அவரே வந்து ஓட்டணும்” என்றாள்.

6

முடிவு ஒன்று: சிவபிரகாஷ் கப்பலில் வந்து இறங்குகிறார். (எழுதினேன். வலது பாதம் திரும்பியபடி அவரை ஹேடோ துறைமுகத்தில் நடக்கவும் வைத்தேன். கிழித்துவிட்டேன். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கெப்படித் தெரியும்?)

முடிவு இரண்டு: அவளே சைக்கிள் கற்றுக்கொண்டு கடற்கரைச் சாலையில் காற்றைக் கிழித்துக்கொண்டு… (பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். அவளுக்குச் சைக்கிள்மேல் ஒரு ஆசையும் இல்லை. ஆசையெல்லாம் அவர்மேல்.)

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை. இனி வருவது நான் பார்க்காதது. போன் வருகிறது. வழக்கம்போல அவர் கௌதம் சைக்கிளை ஒழுங்காக வைத்திருக்கிறானா என்று விசாரிக்கிறார். அவள் பதில் சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் முதல்முறை.

“உமா, லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்.”

அடுத்து அவள் வாயில் வைக்க ஒரு வாக்கியத்தைப் பதினோரு விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாம் எழுத்தாளன் பேச்சாகவே இருக்கிறது. நீங்கள் யாருக்காவது இப்படி ஏங்கியிருந்தால் அவள் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் காத்திருக்கிறார். கேட்டுவிடுங்கள்.