எட்டாம் அறை

எட்டாம் அறையைக் கூட்டும்போது மட்டும் அவள் கதவிடுக்கில் வாளியை வைத்துவிடுவாள். தப்பித்தவறிக்கூட அந்தக் கதவு சாத்திக்கொள்ளக் கூடாது. ஆறு வருஷமாக அந்தச் சிறை அறையில் ஆளே இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் வெள்ளையடிப்பு, புது மெத்தை, புது மின்விசிறி. புது மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடக்காது.

வரவேண்டியவர் ஒரு தொழிற்சாலை முதலாளி. தீ விபத்தில் நாற்பத்தொரு பேர் செத்த மறுநாளே வெளிநாட்டுக்குக் கம்பி நீட்டியவர். அவரை ஒப்படைக்கச் சொல்லி அந்த நாட்டுக் கோர்ட்டுக்கு அரசாங்கம் நடையாய் நடக்கிறது. சிறையில் காற்று இல்லை என்பார் அவருடைய வக்கீல். அடுத்த முறை வெளிச்சம் போதாது என்பார். இப்போது ஜன்னலையே இடித்துப் பெரிதாக்கியாகிவிட்டது. அதைப் படம்பிடித்து அனுப்ப வேண்டும்.

அந்த நாற்பத்தொரு பேரில் அவள் கணவனும் ஒருவன். பூட்டியிருந்த கதவுக்கு உட்பக்கம் கிடந்தான். சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். இன்றைக்கும் ஐந்து மணியானால் அவன் செருப்புச் சத்தத்துக்கு அவள் மனசு ஏங்கும். முதலாளிக்காகவும் காத்திருந்தாள். கதவை ஏன் பூட்டச் சொன்னாய் என்று முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். அதற்காகவே இந்த வேலைக்கு மனுப் போட்டாள்.

ஓர் ஆளுக்காக இவ்வளவு பாடா என்று கேமராக்காரர் அலுத்துக்கொண்டார். இவரை விட்டால் நாளைக்கு இன்னொருத்தன் பெட்டியைக் கட்டுவான், அரசாங்கத்துக்கும் மானம் மரியாதை உண்டல்லவா என்றார் ஜெயிலர். அரசாங்கத்துக்கு அதன் கவலை.

"இந்தப் படத்த அவரு பாப்பாராய்யா?" என்று கேட்டாள்.

"கோர்ட்டுல அவர உக்கார வச்சுதாம்மா போட்டுக் காட்டுவாங்க," என்றார் ஜெயிலர்.

கதவைச் சாத்திவிட்டுத்தான் வெளிச்சத்தைக் காட்ட வேண்டுமாம். ஜன்னல் உயரம் தெரிய யாராவது பக்கத்தில் நின்றால் நல்லது என்றார் கேமராக்காரர். காவலரைக் கூப்பிடத் திரும்பினார் ஜெயிலர்.

"நான் நிக்கிறேங்கய்யா."

ஜெயிலர் வாளியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். "உன்னால முடியுமாம்மா?"

அவளே வாளியை எடுத்து வெளியே வைத்தாள். அவளையும் கேமராக்காரரையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார் ஜெயிலர். வெளியே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. அவனுக்கும் இந்தச் சத்தம் கேட்டிருக்குமோ? ஜன்னலோரம் சொன்னபடி நின்றாள். பிறகு மெத்தை, விசிறி என்று எடுத்து முடித்துக் கேமரா கதவுப் பக்கம் திரும்பியபோது, அவள் அங்கே போய் நின்றிருந்தாள். உள்ளங்கை கதவில் இருந்தது. கண்கள் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தன.