பத்தொன்பது ஓட்டைகள்

அந்தத் தகட்டை நான் கழுவியிருக்கவே கூடாது. கழுவுவது சீட்சேயின் வேலை. சேறு பிடித்த எந்த உலோகமும் என் சமையலறைக்குள் வரக் கூடாது என்பது கல்யாணமான மூன்றாம் வருடமே எங்களுக்குள் ஏற்பட்ட ஒப்பந்தம். ஏதோ ஒரு போர் விமானத்தின் எண்ணெய்க் குழாயை அவன் என் குளியல் தொட்டியில் ஊறப்போட்ட அன்று ஏற்பட்டது. அதற்குப் பிறகு அவனுடைய குப்பையெல்லாம் பழைய மாட்டுக்கொட்டகையில்தான். நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் வியாழக்கிழமை காலை அவன் அதைத் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்து மேசையில் வைத்தான். சனிக்கிழமை மேவிஸ் வருகிறாள், அவள் கையில் கொடுக்க வேண்டும், பளிச்சென்று இருக்க வேண்டும் என்றான். சொல்லிவிட்டுக் காபியோடு உட்கார்ந்துவிட்டான். இவன் கழுவி முடிப்பதற்குள் மேவிஸ் வந்துவிட்டு ஊருக்கே திரும்பிவிடுவாள் என்று நான்தான் குழாயைத் திறந்தேன்.

சீட்சே பகலில் பால்பவுடர் ஆலையில் மெக்கானிக். மாலையில் அவனும் இன்னும் நாலு பேரும் வயலில் கிடைக்கும் துண்டுகளை வைத்துக்கொண்டு, அது எந்த விமானத்தில் எந்த இடம் என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஆணியின் தலையைப் பார்த்தே விமானம் எந்த நாட்டில் செய்தது என்று சொல்லிவிடுவான். எங்கள் கல்யாண நாளை மட்டும் நான்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை மூன்று மாதம் ஆராய்ந்து, குண்டுவீச்சு விமானத்தின் காற்றுக் குழாய் என்று முடிவுகட்டிய பொருள், கடைசியில் பால் கறக்கும் எந்திரத்தின் குழாயாகப் போனது. அதை வைத்து எங்கள் ஊர் மாக்கும் முழுதும் அவனை இன்னும் கிண்டல் செய்கிறது.

இந்தத் தகடு அப்படியில்லை. போர் நடந்த நாற்பத்து மூன்றில் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து காணாமல் போன விமானங்களில் ஹாலிஃபாக்ஸ் என்ற குண்டுவீச்சு ரகம் ஒன்றே ஒன்றுதான். ஏழு பேர், ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. விவசாயி ஹில்கெமாவின் வயலுக்கு அடியில் ஏதோ ஒரு விமானம் புதைந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். களிமண் அதை முழுதாக விழுங்கிவிட்டதால் எது என்று மட்டும் தெரியவில்லை. இரண்டு வருடம் முன்பு அந்த வயலோரத்தில் சீட்சேக்கு இந்தத் தகடு கிடைத்தது. மூலையில் அடித்திருந்த எண் ஹாலிஃபாக்ஸுடையது. நடுவில் பத்தொன்பது ஓட்டைகள். எல்லாம் துப்பாக்கிக் குண்டு, எதிரி கீழிருந்து சுட்டிருக்கிறான் என்றான். அந்த விமானத்தில் வரைபடம் பார்த்து வழி சொன்ன லென் என்ற பையனின் தங்கையைத் தேடிப்பிடித்து நான்கு பக்கக் கடிதம் எழுதினான். ஹல் நகரத்தில் இருந்த மேவிஸ், அண்ணனுக்கு இப்போதுதான் ஓர் இடம் கிடைத்திருக்கிறது என்று பதில் எழுதினாள். இவன் அனுப்பிய அந்த வயலின் படத்தைத் தன் சமையலறையில் மாட்டியிருந்தாள். இப்போது அறுபத்தெட்டு வயதில், அங்கே ஒருமுறை நிற்பதற்காக முதல்முறையாகக் கடல் தாண்டி வருகிறாள்.

நான் தகட்டைத் திருப்பித் திருப்பித் தேய்த்தேன். ஒரு பக்க விளிம்பில் என் கட்டைவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது. அங்கே கம்பிப் பிடி கோப்பதற்கான இரண்டு சிறிய துளைகள். எதிர்ப் பக்கம் ஒரு நசுங்கல். மீன் செதில் உதிர்வதற்காக அம்மா கல்லில் தட்டித் தட்டி விழுந்த நசுங்கல். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு வடிதட்டு. அப்பா ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்துப் போட்ட ஓட்டைகள். பதினைந்து வயதுவரை நான் தின்ற விலாங்கும் பொடிமீனும் அதில் கழுவியதுதான். அம்மா நீல நிற எனாமல் தட்டு வாங்கிய வருடம் ஹில்கெமா தன் வயலோர வாய்க்காலைத் தூர்த்தார். ஊர்க் குப்பையெல்லாம் அதில்தான் போனது. என் முதல் சைக்கிள்கூட அங்கேதான் கிடக்கிறது.

தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சீட்சே சர்க்கரை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு, மேவிஸை வயலில் எந்தப் பக்கமாக நிறுத்தலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். முப்பது வருடத்தில் அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பேசாமல் துடைத்து வைத்துவிடலாமா என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. தகட்டை வாங்கி ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினான். எண்ணி முடித்து மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான்.

"உங்கப்பா ஆணியா இது?"

"ஆமா."

"நான் நாலு பக்கம் எழுதினேன், பௌக்யே. எந்தத் திசையிலேர்ந்து சுட்டான்னு படம்கூடப் போட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நான் வாயே திறக்கவில்லை என்று வைத்துக்கொள், பாவம், அவள் வந்து அழுதுவிட்டு நிம்மதியாகப் போகட்டும் என்றேன்.

"தப்பான வயல்ல நிக்க வெச்சு அழ விடச் சொல்றியா?" என்றான். "அங்க படுத்திருக்கறவனுக்கும் ஒரு தங்கச்சி இருப்பா."

பிறகு தகட்டின் மூலையைத் தடவிப் பார்த்து, எண் பொய்யில்லை என்றான். எண் ஹாலிஃபாக்ஸுடையதுதான். அப்படியென்றால் அப்பாவுக்கு அது எங்கே கிடைத்தது?

வலையில்தான். வேறெங்கே? அப்பா மண்ணில் நடந்ததைவிடப் படகில் நின்றதுதான் அதிகம். அணை கட்டி ஏரியாக்கிய பிறகும் நாங்கள் கடல் என்றே சொல்லும் அந்தத் தண்ணீரில், தேவாலயக் கோபுரம் சுண்ணாம்புச் சூளைக்குப் பின்னால் மறையும் இடம் ஒன்று உண்டு. அங்கே போட்டால் வலை கிழியும். அதனால் அப்பா அந்த இடத்துக்கு முன்பே வலையைத் தூக்கிவிடுவார். தூக்கிவிட்டுத் தொப்பியைக் கழற்றி, அதைத் தாண்டும்வரை கையிலேயே வைத்திருப்பார். சிறுமியான நான், காற்று தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பயப்படுகிறார் என நினைத்திருந்தேன். இதைச் சீட்சேயிடம் சொல்லும்போதுதான் எனக்கே புரிந்தது. அடியில் இறந்தவர்கள் கிடப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார் அந்த மனிதர்.

சனிக்கிழமை ரயில் நிலையத்திலேயே சீட்சே எல்லாவற்றையும் சொன்னான். அவனுடைய ஓட்டை ஆங்கிலத்தில், பால் கறக்கும் எந்திரக் கதை உட்பட. மேவிஸ் உயரமான, மெலிந்த பெண். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். அப்படியானால் தன் சமையலறையில் இருக்கும் வயல் படத்தில் படுத்திருப்பது யார் என்றாள். தெரியவில்லை, ஆனால் கண்டுபிடிப்பேன் என்றான் இவன். கண்டுபிடிக்கும்வரை அது அங்கேயே மாட்டியிருக்கட்டும் என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இதுல மீன் கழுவினீங்களா?"

"தினமும்," என்றேன். தலை நிமிரவில்லை எனக்கு.

"லென்னுக்கு மீன்னாலே ஆகாது," என்றாள். "வீடே நாறுதுன்னு சண்டை போடுவான்." சொல்லிவிட்டு நடைமேடையிலேயே கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

என் சித்தப்பா மகனின் படகில் மூன்று பேரும் போனோம். கோபுரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சூளைக்குப் பின்னால் ஒளிந்ததும் எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். இந்த முறை இன்னும் எதுவும் உறுதியில்லை, முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று சீட்சே மூன்றாவது தடவையாகச் சொன்னான். மேவிஸ் தலையசைத்தாள். தகட்டைத் துண்டிலிருந்து எடுத்து, படகின் ஓரமாகக் குனிந்து, தண்ணீரில் முக்கித் தூக்கினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கட்டைவிரலை அந்த விளிம்பில் வைத்து, எங்கள் அம்மாவைப்போலவே இடது பக்கம் சற்றுச் சாய்த்துப் பிடித்தாள். பத்தொன்பது ஓட்டைகளிலிருந்தும் தண்ணீர் இறங்கியது. கடைசிச் சொட்டு விழும்வரை அவள் கையை அசைக்கவில்லை.

நான் சீட்சேயைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அன்று காற்றே இல்லை.