இரண்டாவது கார்

முன்வரிசையில் இருந்த கோசலா மாமியை எழுப்பிவிட்டு, காலியான நாற்காலியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார் விஜிதரன் மாமா. பக்கத்து நாற்காலியையும் துடைத்தார்.

"கொஞ்சம் பின்னாலை போய் இருங்கோ. எம்பசி ஆக்கள் வந்திட்டினம்."

"பெட்டிக்குள்ளை கிடக்கிறது என்ர அண்ணை, விஜி."

"ஆர் இல்லையெண்டது? கேணல் வந்திருக்கிறார். அந்தாளை நிக்க வைக்கிறதே?"

கோசலா மாமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தபடி மூன்றாம் வரிசைக்குப் போனார். அப்பாவின் தலைமாட்டில் அம்மாவோடு நின்ற அக்‌ஷயா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவிஸின் சோலோதுர்ன் நகர மயான மண்டபத்தை அவர்களுக்கு மதியம் வரைதான் தந்திருந்தார்கள். திரிம்பாக் கோயிலிலிருந்து வந்த ஐயர், மேடைக்குப் பக்கத்தில் அவசரமாகக் கும்பம் வைத்துக்கொண்டிருந்தார்.

தூதரகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் கேணல். விமானப்படைச் சீருடை, நெஞ்சில் பதக்கங்கள், சட்டைக் கையில் தங்கப் பட்டி. பின்னால், மலர்வளையத்தைச் சுமந்துகொண்டு, இளம் செயலாளர் ஒருவர். வளையத்தின் நாடாவில் அவர்களுடைய நாட்டு மொழியில் ஏதோ எழுதியிருந்தது. மண்டபத்தில் வேறு ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. மாமா வளையத்தை வாங்கி, பெட்டியின் கால்மாட்டில் எல்லாருக்கும் தெரியும்படி நிறுத்தினார். அங்கே இருந்த கோயில் சபையின் வளையம் சுவரோரமாகப் போனது.

அக்‌ஷயா பாலர் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து அப்பா பேர்னில் அந்தத் தூதரகத்தின் சாரதி. கடைசி வருடங்களில் கேணலுக்கு மட்டும் கார் ஓட்டினார். கேணல் அங்கே இராணுவ இணைப்பாளர். சுவிஸ் இராணுவத்தைப் பற்றி அவருக்கு அக்கறை கிடையாது. அவருடைய வேலை ஈரான். அண்மையில் நடந்த போருக்குப் பிறகு ஈரான் தன் படைகளை எப்படிப் புதுப்பிக்கிறது, என்ன விமானம் வாங்குகிறது, எந்த ட்ரோனைத் தானே செய்கிறது என்பதை ஜெனீவா ஹோட்டல்களில் மற்ற நாட்டு இணைப்பாளர்களோடு சாப்பிட்டுச் சாப்பிட்டே அவர் கண்காணித்தார்.

அப்பாவுக்கு அதில் பெரிய பெருமை. "என்ன ஜெகதீசண்ணை, ஈரான் என்ன செய்யுதாம்?" என்று கோயிலில் யாராவது கேட்டால், எல்லாம் தெரிந்தவர்போலச் சிரித்துவிட்டு, "அது சொல்லேலாது" என்பார். ஒரே ஒருமுறை வீட்டில் சொன்னார். தெஹ்ரான் அணிவகுப்பில் வந்த ஏவுகணை புதியதா, பழையதற்குப் புதுப் பெயின்ற் அடித்ததா என்று பின்சீற்றில் மூன்று நாட்டு அதிகாரிகள் ஜெனீவாவிலிருந்து பேர்ன் வரை சண்டை பிடித்தார்களாம்.

"பெயின்ற் காய்ஞ்சிட்டுதோ எண்டு தொட்டுப் பாக்கச் சொல்லுங்கோவன்," என்றாள் அக்‌ஷயா.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "படிச்ச ஆக்களை அப்பிடிக் கதைக்கக் கூடாது, பிள்ளை."

யாழ்ப்பாணத்தில் குண்டுவிமானம் வந்தபோதெல்லாம் பங்கருக்குள் குப்புறக் கிடந்த மனிதர் அவர். தலைக்கு மேலே பறப்பது எந்த நாட்டில் செய்தது என்று அங்கே யாரும் விசாரித்ததில்லை. அப்படிப்பட்டவர் இந்த ஆட்களுக்குக் கதவைத் திறந்துவிட்டுக் குனிந்து நின்றதை அவளால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவர்களைச் சகிக்க முடியாமல் போனது, அவர்களை மதித்த அப்பாவையும் சில நாட்களில் சகிக்க முடியாமல் செய்திருந்தது.

மாமாவின் மகன் பிருந்தன் புதுக் கோட்டோடு கேணலிடம் போய்க் குனிந்தான். ஆங்கிலத்தில் கேட்டான்: "சேர், திரும்பவும் போர் வருமா?"

கேணலின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. காலுக்கு மேல் கால் போட்டு, திட எரிபொருள், சீன ராடர், மலைக்குள் குடைந்த தொழிற்சாலை என்று தொடங்கினார். ஒரு ட்ரோனின் சிறகு எவ்வளவு நீளம் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒரு கை பெட்டியின் விளிம்பில் முட்டியது. மன்னிப்புக் கேட்காமலே அதை இழுத்துக்கொண்டார். பிருந்தன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டான்.

அம்மா அக்‌ஷயாவின் கையைத் தொட்டாள்.

"பிள்ளை, அந்தாளைக் கேள். கடைசியா அப்பா ஏதும் சொன்னவரோ எண்டு."

இதே கேள்வியை அம்மா ஆஸ்பத்திரியில் கேட்டாள், பொலிஸிடமும் கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. கேணலோடு ஜெனீவாவிலிருந்து திரும்பும் வழியில், முர்த்தனுக்குக் கிட்ட ஓட்டோபான் நெடுஞ்சாலை ஓய்விடமொன்றில் அப்பா காரை நிறுத்தினார், நெஞ்சுவலி, அம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது என்று மட்டும் தூதரகம் சொல்லியிருந்தது.

அக்‌ஷயா போய் ஆங்கிலத்தில் கேட்டாள். கேணல் எழுந்து நின்றார்.

"ஓ, சொல்ல மறந்துவிட்டேன். உங்கள் தந்தை கடைசிவரை ஒரு கனவான். அந்த வேதனையிலும், எங்கள் விருந்தாளி பத்திரமாகப் போய்விட்டாரா என்றுதான் கேட்டார்."

"எந்த விருந்தாளி?"

கேணல் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"ஜெனீவாவிலிருந்து எங்களோடு வந்த ஒருவர். ஈரானில் சில விசயங்களை நேரில் அறிந்தவர். அவரை எங்களோடு யாரும் காணக்கூடாது. உங்களுக்குப் புரியும்."

"அவர் எப்படிப் போனார்?"

"பேர்னிலிருந்து இரண்டாவது கார் ஒன்றை வரவழைத்தோம்."

"அப்படியானால் அம்புலன்ஸ்?"

"அதன் பிறகு உடனே." கேணல் குரலைத் தாழ்த்தினார். "அவசரமில்லை என்று உங்கள் தந்தையே சொன்னார். வாய்வு என்று நினைத்தார். அவ்வளவு விசுவாசம். இப்படி ஓர் ஆள் இனிக் கிடைப்பது கடினம்."

பேர்னிலிருந்து அந்த இடத்துக்குக் கார் வந்து சேர அரை மணித்தியாலமாவது செல்லும் என்று அக்‌ஷயாவுக்குத் தெரியும். அந்த வீதியில் அவளுக்குக் கார் ஓட்டப் பழக்கியதே அப்பாதான். ஒரு மலையின் நிறம் மாறியதை வானத்திலிருந்து எடுத்த படத்தில் கண்டுபிடிக்கிற இந்த ஆள், முன்சீற்றில் வேர்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தபடி ஒரு கார் வரும்வரை இருந்திருக்கிறார். இப்போது அதைப் பாராட்டாகச் சொல்கிறார்.

அவள் செயலாளரிடம் திரும்பினாள். "நீங்களும் அங்கே இருந்தீர்களா?"

"இருந்தேன்." அவர் காது சிவந்திருந்தது. "அம்புலன்ஸைக் கூப்பிடுவோம் என்று நான் சொன்னேன். முடிவு கேணலுடையது."

"உங்களிடமும் போன் இருந்ததுதானே?"

அவருடைய கை கோட்டுப் பைக்குப் போய்த் திரும்பியது.

மாமா அவளை முழங்கையில் பிடித்துத் தூண் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு ஆங்கிலம் போதுமான அளவு விளங்கும்.

"இதைப் பெரிசாக்காதை. அவையளுக்கு மேலை கேஸ் போடேலாது. டிப்ளோமற் எண்டால் பொலிசும் தொடமாட்டான்."

"மாமா, அவர் செத்துக்கொண்டிருக்க வேறை ஆளுக்குக் கார் பிடிச்சிருக்கினம்."

"விதி முடிஞ்சுது. என்ன செய்யிறது?" மாமா சுற்றிப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார். "பிருந்தனுக்கு உன்ர அப்பாவின்ர வேலையைக் கேட்டு வைச்சிருக்கிறன். கேணல் பாப்பம் எண்டவர். நீ இப்ப ஏதும் கதைச்சுக் குழப்பிப்போடாதை."

அக்‌ஷயா அவருடைய முகத்தைப் பார்த்தாள். இன்று காலை அழுது வீங்கிய முகம்தான். அழுததும் உண்மையாகவே இருக்கும். அவள் முழங்கையை விடுவித்துக்கொண்டு அம்மாவிடம் போனாள்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

அவர் நிம்மதியாகப் போனார் என்று சொல்லலாம். உங்களைத்தான் கேட்டவராம் என்றும் சொல்லலாம். அம்மா நம்புவாள். கேணலும் அதைத்தான் எதிர்பார்ப்பவர்போல, துக்கமும் தயவும் கலந்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைக் கண்டதும் அவளுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். விருந்தாளி, இரண்டாவது கார், அதன் பிறகு அம்புலன்ஸ். அப்பாவின் கடைசிக் கேள்வியையும் சொன்னாள்.

அம்மா அழவில்லை. பெட்டிக்குள் குனிந்து, அப்பாவின் நெற்றியில் கரைந்திருந்த விபூதியை விரலால் சரிசெய்தாள்.

"விசர் மனிசன்," என்றாள் மெதுவாக. "அப்பவும் வேலை."

ஐயர் வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார். அரிசித் தட்டோடு முன்னால் வந்த மாமா, உறவுக்காரரைக் கையால் நிறுத்திவிட்டு, "முதல் கேணல் போடட்டும். எத்தினை வருசப் பழக்கம்," என்றார். தண்ணீர் தெளித்த அரிசியைக் கேணலின் உள்ளங்கையில் வைத்து, அதை வாயருகே போடவேண்டும் என்று சைகையால் காட்டினார். கேணல் பெட்டிக்குக் கிட்ட வந்து, ஒரு விழாவில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார். பிருந்தன் போனில் படம் எடுக்கத் தயாரானான்.

அம்மா பெட்டியைச் சுற்றி வந்து கேணலின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அவர் அதை ஆறுதல் தேடும் பிடி என்று நினைத்திருக்க வேண்டும். மற்றக் கையை அவளுடைய தோளில் வைத்தார். அம்மா தோளை அசைத்து அந்தக் கையை விழுத்தினாள். பிறகு அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, அரிசியை வழித்துத் தன் கைக்கு எடுத்தாள்.

"நீங்கள் போடவேண்டாம்," என்றாள் தமிழில்.

"அக்கா!" என்றார் மாமா.

"கோசலா, நீங்கள் வாங்கோ," என்றாள் அம்மா. "உங்கடை அண்ணைக்குப் போடுங்கோ."

மூன்றாம் வரிசையிலிருந்து கோசலா மாமி எழும்பி வந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். இடம் போதாமல் கேணல் ஓரடி பின்னுக்குப் போனார், பிறகு இன்னும் ஓரடி. கடைசியில் தூதரகத்தின் மலர்வளையத்துக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார். ஈரக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் உடம்பிலிருந்து தள்ளி வைத்திருந்தார்.

சட்டைக் கையின் தங்கப் பட்டியில் ஓர் அரிசி ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற செயலாளர் அதைக் கண்டார். ஆனால் சொல்லவில்லை.